சோபாவுக்கு அடியில் ஒரு கண்ணாடிச் சில்

அழைப்பு மணியை அடிக்கிறாள். கதவு திறக்கவில்லை. மறுபடி அடிக்கிறாள். அப்புறம் கையால் தட்டுகிறாள். கடைக்குப் போய்விட்டு வந்த 14 வயதுப் பெண், கையில் பை. கொஞ்ச நேரத்தில் தட்டல் இடியாகிறது, குரல் அலறலாகிறது. "ஓம்மா! ஓம்மா!" கொரிய மொழியில் ஒரு சொல் தெரியாதவனுக்கும் இந்த இடத்தில் சப்டைட்டில் வேண்டாம். அங்கேயும் அம்மா கிட்டத்தட்ட அம்மாதான், அப்பா அச்சு அசலாக அப்பாதான். அம்மா உள்ளே இருந்துகொண்டே வேண்டுமென்று திறக்காமல் இருக்கிறாள் என்று அந்தப் பெண் முடிவே கட்டிவிட்டாள் என்பது அவள் கத்துகிற விதத்தில் தெரிகிறது.

அப்புறம் நிமிர்ந்து கதவு எண்ணைப் பார்க்கிறாள். 902. அவள் வீடு 1002. ஒரு மாடி ஏறிப் போய் மணி அடித்தால், அம்மா சாதாரணமாக வந்து திறக்கிறாள். கேமரா பின்னால் போகப் போக, ஒரே மாதிரியான கதவுகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன.

மாடி தவறிப் போவது யாருக்கும் நடக்கும். ஆனால் கதவு திறக்காவிட்டால் 'வீட்டில் யாரும் இல்லையோ' என்றுதானே முதலில் தோன்ற வேண்டும்? இவளுக்கு 'என்னை வேண்டாம் என்கிறார்கள்' என்று தோன்றுகிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அடுத்த இரண்டேகால் மணி நேரம் படம் காட்டுகிறது.

படத்தின் பெயர் 'ஹவுஸ் ஆஃப் ஹம்மிங்பேர்ட்'. இயக்கியவர் கிம் போரா. அவருடைய முதல் முழுநீளப் படம். 2018 புசான் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2019இல் பெர்லினில் இளையோர் படங்களுக்கான பிரிவில் பெரிய பரிசு வாங்கி, 50க்கும் மேற்பட்ட விருதுகளோடு ஊர் திரும்பியது. கொரிய மொழியில் தலைப்பு 'பொல்சே'. பொல் என்றால் தேனீ, சே என்றால் பறவை; இரண்டும் சேர்ந்தால் ஹம்மிங்பேர்ட். (நம் வீட்டுச் செம்பருத்தியில் வந்து தேன் குடிப்பது தேன்சிட்டு. அது வேறு குடும்பம். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வருவதில்லை, கொரியாவிலும் கிடையாது.) நொடிக்குப் பல பத்து முறை சிறகடித்தபடி அந்தரத்தில் அப்படியே நிற்கக்கூடிய பறவை. இருந்த இடத்திலேயே இருப்பதற்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது அதற்கு. படம் முடிந்த பிறகுதான் தலைப்பு எனக்குப் புரிந்தது.

2020 ஊரடங்கில் ஒரு ராத்திரி லேப்டாப்பில் பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று முறை பார்த்துவிட்டேன். நல்ல படம் என்பதால் மட்டும் இல்லை. வேறு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

உன்ஹீ. அதுதான் அந்தப் பெண்ணின் பெயர். 1994, சியோலின் கங்நம் பகுதியில் தேச்சி-டொங். டியூஷன் சென்டர்களுக்குப் பேர்போன ஏரியா. அப்பாவும் அம்மாவும் தொக் கடை வைத்திருக்கிறார்கள். தொக் என்பது அரிசி மாவை அவித்து, இடித்துச் செய்யும் பலகாரம். நம்முடைய கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைய ஆர்டர் வந்த ஒரு நாள், குடும்பமே கடையில் நின்று வேலை செய்கிறது. ஆவி பறக்கிறது, கைகள் மாவை உருட்டுகின்றன, வெட்டுகின்றன, அடுக்குகின்றன. பெரிதாக யாரும் பேசுவதில்லை, ஆனால் ஒருவர் கை ஓய்ந்த இடத்தில் இன்னொருவர் கை போகிறது. அந்தக் காட்சியை மட்டும் தனியாக வெட்டி யாரிடமாவது காட்டினால், 'என்ன ஒற்றுமையான குடும்பம்' என்றுதான் சொல்வார்கள். பொய்யும் இல்லை. ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யத் தெரிந்த குடும்பம்தான் அது.

அப்பாவுக்கு வெளியில் ஒரு தொடுப்பு இருக்கிறது. கண்ணாடி முன் நின்று, தலை சீவி, டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அக்கா சூஹீ டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுக் காதலனோடு சுற்றுகிறாள். கங்நமில் நல்ல பள்ளி கிடைக்காமல், தினமும் ஆற்றைத் தாண்டி வடக்குப் பக்கப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்வருகிறாள். அதனால் அப்பாவின் கணக்கில் அவள் ஏற்கெனவே தோற்றவள். அண்ணன் தேஹூன்தான் வீட்டின் நம்பிக்கை. அவனைச் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்த வீடு மூச்சு விடுகிறது. உன்ஹீயின் பள்ளியிலும் அதே பஜனைதான். வகுப்பு மொத்தமும் எழுந்து, 'கரோக்கேவுக்குப் போக மாட்டேன், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போவேன்' என்று முஷ்டியை உயர்த்திக் கோஷம் போட வேண்டும்.

தேஹூன் உன்ஹீயை அடிக்கிறான்.

இப்போது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படம் பார்க்கிறவர்கள் எல்லோரும் உன்ஹீயின் பக்கம் நின்று பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் அரைமணி நேரத்துக்குள் என் இடம் மாறிவிட்டது. இந்தக் கதையில் நான் தேஹூன். எனக்கு ஐந்து வயது இளைய தங்கை ஒருத்தி இருக்கிறாள். திருச்சியில் வாடகை வீட்டில் நாங்கள் வளர்ந்த காலத்தில் அவளை நான் அடித்திருக்கிறேன். வெளியில் சொல்லும்போது 'சின்ன வயசுல அடிச்சுக்குவோம்' என்று சிரித்துக்கொண்டு சொல்வது வழக்கம்.

அந்த 'அடிச்சுக்குவோம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். ஒருவர் அடிப்பவர், ஒருவர் அடி வாங்குபவர் என்ற கணக்கையே அந்தச் சொல் அழித்துவிடுகிறது. 'கொள்' என்று ஒரு துணைவினையை ஒட்டவைத்ததும் இரண்டு பேரும் சரிக்குச் சரி ஆகிவிடுகிறார்கள். எங்கள் அம்மாவும் அடுப்படியிலிருந்து அதைத்தான் சொல்வார். "ரெண்டு பேரும் ஏன் இப்படி அடிச்சுக்கறீங்க?" படத்தில் ஒரு சாப்பாட்டு நேரத்தில் உன்ஹீ துணிந்து வாய் திறக்கிறாள். அண்ணன் என்னை அடித்தான் என்கிறாள். மேஜையில் ஒரு நொடி அமைதி. அம்மா தலையை நிமிர்த்தாமல் சொல்கிறாள்: நீங்க சண்டை போடாதீங்க. அவ்வளவுதான். சாப்பாடு தொடர்கிறது.

நான் படத்தை அங்கே நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

கே-டிராமா பார்க்கிறவர்களுக்கு 'ஒப்பா' என்ற சொல் தெரியாமல் இருக்காது. பெண்கள் அண்ணனையும் அழைப்பார்கள், காதலனையும் அழைப்பார்கள். நாடகங்களில் அந்தச் சொல் வந்தாலே ஒரு குழைவு, பின்னணியில் பியானோ. இந்தப் படத்தில் உன்ஹீயின் வாயில் அதே சொல் எவ்வளவு சுருங்கிப்போகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவளும் ஜிசுக் என்ற தோழியும் தனியாக உட்கார்ந்து, அண்ணன்மார் அடிப்பது பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பரீட்சை எப்படி எழுதினே என்று கேட்கிற தொனியில். எதிர்த்தால் இன்னும் அடிப்பான், முடியும்வரை காத்திருந்துவிடுவேன் என்கிறாள் உன்ஹீ. செத்துப்போய், ஒரே ஒரு நாள் பேயாக இருந்து, அண்ணன் திட்டு வாங்குவதைப் பார்க்க ஆசை என்று பேச்சு போகிறது. அழுகையே கிடையாது. 14 வயதில் இதையெல்லாம் பேசி முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

நாம் 'உடைந்த குடும்பம்' என்று எதைச் சொல்கிறோம்? யாராவது ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தால்தான். கொரிய சினிமாவில் அப்படிப்பட்ட வீடுகளும் நிறைய உண்டு. யூன் தன்-பியின் 'மூவிங் ஆன்' (2019) அந்த வகையில் எனக்குப் பிடித்த படம். அம்மா பிரிந்து போய்விட்டாள். அப்பா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இன்சொனில் இருக்கும் தாத்தா வீட்டுக்கு வருகிறார். தம்பிப் பையன் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பரிசுப் பொருளோடு வருகிறான். அக்காவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வீட்டில் யார் இல்லை என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும். கோபத்துக்கு ஒரு திசை இருக்கிறது. உன்ஹீக்கு அந்த வசதி இல்லை. அவள் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். கொரியாவில் விவாகரத்து மடமடவென்று ஏறியது 1997 பொருளாதார நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில். 2003இல் ஏறக்குறைய 1,67,000 என்று உச்சம் தொட்டது. 1994இல் இந்தத் தொக் கடை அம்மாவின் மனதில் அந்தச் சொல் ஒரு தடவையாவது வந்து போயிருக்குமா தெரியாது. படத்தில் யாரும் அதை உச்சரிப்பதில்லை.

ஒரு ராத்திரி சண்டை முற்றுகிறது. அம்மா கையில் கிடைத்த கண்ணாடி விளக்கை எடுத்து அப்பா மீது அடித்துவிடுகிறாள். கண்ணாடி சிதறுகிறது, கையிலிருந்து ரத்தம். பிள்ளைகள் உறைந்து நிற்கிறார்கள். இதற்குப் பிறகு என்ன வரும்? போலீஸ்? அம்மா வீட்டைவிட்டுப் போவது? நான் அப்படி ஏதோ எதிர்பார்த்தேன். வருவது இதுதான்: அப்பாவும் அம்மாவும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துச் சிரிக்கிறார்கள். நடிக்கவில்லை, உண்மையாகவே சிரிக்கிறார்கள். உன்ஹீ தள்ளி நின்று பார்க்கிறாள். பிறகு ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, சோபாவுக்கு அடியில் அந்த விளக்கின் சில்லு ஒன்று அவள் கண்ணில் படுகிறது.

பெருக்கியவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு துண்டு. அது மட்டும் இல்லையென்றால், அப்படி ஒரு ராத்திரி வந்ததா என்றே சந்தேகம் வந்துவிடும். குழந்தைகளைக் கலங்கடிப்பது சண்டையா, சண்டைக்கு மறுநாளா என்று கேட்டால், நான் மறுநாள் என்றுதான் சொல்வேன். ராத்திரி நடந்ததைப் பார்த்த கண்ணுக்கும், காலையில் எல்லோரும் நடந்துகொள்கிற விதத்துக்கும் பொருந்தவே பொருந்தாது. பெரியவர்கள் எல்லோரும் ஒன்று போலச் சாதாரணமாக இருக்கும்போது, தான் பார்த்ததுதான் தப்போ என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. அதன் வயிற்றில் ஒரு பக்கம் நசுங்கல். அப்பா ஒரு நாள் கோபத்தில் வீசியது. மறுநாள் காலை அம்மா அதே சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்தார். அப்பா அதே சொம்பிலிருந்து குடித்தார். "சாப்பிட வாங்க" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் மன்னிப்புக்கு அதுதான் பெயர். நசுங்கின பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கும் பழக்கம் மட்டும் எப்படியோ எல்லோருக்கும் வந்துவிட்டது.

தேஹூனுக்கு வருகிறேன். கிம் போரா அவனை வில்லனாக வரையவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வில்லனாக இருந்தால் தப்பித்திருப்பேன்.

அவனுக்குப் பின்னால் ஒரு சட்டமே நின்றது. ஹோஜூ என்றால் குடும்பத் தலைவர். அன்றைய கொரியக் குடும்பப் பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஹோஜூ உண்டு, மற்றவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே எழுதப்பட்டவர்கள். அவர் இறந்தால் அந்த இடம் முதலில் மகனுக்குப் போகும். மனைவி உயிரோடு இருந்தாலும், அக்கா மூத்தவளாக இருந்தாலும், மகனுக்குத்தான். பெண்கள் அமைப்புகள் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2008 ஜனவரியில்தான் நடைமுறையிலிருந்து போனது. ஆக 1994இல், பள்ளிக்கூடம் போகும் தேஹூன் அரசாங்கக் காகிதத்தின்படியே அம்மாவுக்கும் அக்காவுக்கும் முன்னால் நின்றான். படத்தில் யாரும் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டியதும் இல்லை. மேஜையில் யார் பேசும்போது யார் வாயை மூடுகிறார்கள் என்பதிலேயே தெரிகிறது.

இது ஒரு தலைமுறையோடு போகிற விஷயமும் இல்லை. ஒரு ராத்திரி உன்ஹீயின் தாய்மாமன் குடித்துவிட்டு வருகிறார். தங்கையைப் பார்த்து, நீ நல்லாப் படிக்கிறவளாச்சே என்கிற பொருளில் ஏதோ சொல்கிறார். அண்ணனைப் படிக்க வைக்க அந்தக் காலத்தில் யார் படிப்பு நின்றது என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். சில நாட்களில் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. எப்படி என்று யாரும் விளக்குவதில்லை. வெகுநாள் கழித்து, மாமா ஞாபகமா இருக்கா என்று உன்ஹீ கேட்க, அம்மா சொல்கிறாள்: உன் மாமா இப்போ இல்லைங்கறது என்னவோ ஒரு மாதிரியா இருக்கு. இறந்துபோன அண்ணனைப் பற்றி ஒரு தங்கை படம் முழுக்கச் சொல்வது அந்த ஒரு வரிதான். ஒரு தடவை உன்ஹீ தெருவில் அம்மாவைப் பார்த்து 'ஓம்மா' என்று கூப்பிடுகிறாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அம்மா காதில் விழாதவளாக வேறெங்கோ பார்த்துக்கொண்டு போய்விடுகிறாள். முதல் முறை அது எனக்கு ஏதோ கனவுக் காட்சி போல இருந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது, அந்த நேரத்தில் அவள் யாருக்கும் அம்மாவாக இல்லை, படிப்பு நின்றுபோன பெண்ணாக நடந்துகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

யோங்ஜி டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. சீன எழுத்து கற்றுத்தரும் டியூஷனுக்குப் புதிதாக வருகிறார். பல்கலைக்கழகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவர்; அதுவும் எல்லோரும் கோஷம் போடுகிற அதே பல்கலைக்கழகம். ஊலாங் தேநீர் போட்டுத் தருகிறார். கரும்பலகையில் ஒரு பழைய சீனச் சொற்றொடரை எழுதிக் கேட்கிறார்: உலகம் முழுக்க முகம் தெரிந்தவர்கள் இருக்கலாம், மனம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உன்ஹீயை ஒருவர் கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை போல அவள் முகம் இருக்கிறது. தன்னையே பிடிக்காமல் போகும்போது விரல்களைப் பார், ஒவ்வொன்றாக அசைத்துப் பார், எதுவுமே செய்ய முடியாது என்று தோன்றும்போதும் விரலை அசைக்க முடிகிறதே என்கிறார். காதுக்குப் பின்னால் வந்த கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து உன்ஹீ படுத்திருக்கும்போது வந்து பார்த்து, இனிமேல் யாரிடமும் அடி வாங்கக் கூடாது, எப்படியாவது எதிர்த்து நில் என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறார். கிம் சே-ப்யோக் இந்தப் பாத்திரத்தைக் குரலே உயர்த்தாமல் செய்திருக்கிறார்.

எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. யோங்ஜி கொஞ்சம் அதிகமாகவே நல்லவர். மற்ற எல்லோருக்கும் படம் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறது. உயிர்த்தோழி ஜிசுக் கூட, கடையில் திருடி மாட்டிக்கொண்டதும் உன்ஹீயைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள், பிற்பாடு சமாதானமாகும்போது 'நீயும் சில நேரம் உன்னைப் பற்றி மட்டும்தான் நினைப்பே' என்று திருப்பிக் குத்துகிறாள். யோங்ஜிக்கு மட்டும் ஒரே பக்கம். 14 வயதில் நாம் டீச்சரை அப்படித்தான் பார்ப்போம் என்று சமாதானம் சொல்லலாம். சரி, அப்படியே இருக்கட்டும். பார்க் ஜி-ஹூ உன்ஹீயாக நிற்கிற படத்தில் இதைப் பெரிதாக்க மனம் வரவில்லை.

அந்தச் சத்தியத்தை உன்ஹீ காப்பாற்றத்தான் பார்க்கிறாள். ஒரு நாள் வீட்டில் எல்லோர் முன்னாலும் எதிர்த்துக் கத்துகிறாள். தேஹூன் ஓங்கி அறைகிறான். செவிப்பறை கிழிகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, வேண்டுமானால் சான்றிதழ் எழுதித் தருகிறேன், ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த அந்நியர் அவர். அவ்வளவு நாளும் 'சண்டை போடாதீங்க' என்று போன விஷயத்துக்கு அவர் ஒரே வாக்கியத்தில் அதன் சரியான பெயரை வைத்துவிடுகிறார்.

இந்தப் படத்தில் ஆண்கள் இரண்டு முறை அழுகிறார்கள். முதலில் அப்பா. காதுக் கட்டியை எடுக்கும்போது முகம் கோணிப்போகும் அபாயம் இருக்கிறது என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்க்க வாய்விட்டு அழுகிறார். உன்ஹீ அவரை வினோதமாகப் பார்க்கிறாள். இவருக்கு என்மேல் இவ்வளவு இருந்ததா என்ற பார்வை. அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் அழுது முடித்து வீட்டுக்கு வந்தவர் மாறிவிடவும் இல்லை.

இரண்டாவது தேஹூன். அதற்குப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1994 அக்டோபர் 21, காலை 7:40 வாக்கில் சியோலில் ஹான் ஆற்றின் மேல் இருந்த சொங்சு பாலத்தின் நடுவில் சுமார் 48 மீட்டர் நீளப் பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். ஒரு பஸ்ஸில் முஹாக் பெண்கள் பள்ளி மாணவிகள் இருந்தார்கள். பாலம் திறந்து 15 வருடம்தான் ஆகியிருந்தது. தூண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்தளத்தைத் தாங்கிய இரும்புச் சட்டங்களின் இணைப்பில் வெல்டிங் சரியாகச் செய்யப்படவில்லை. வெளியே பார்க்க ஒட்டியிருந்தது, உள்ளே முழுக்க ஒட்டவில்லை. அதன்மேல் திட்டமிட்டதைவிட அதிக பாரம் வருடக்கணக்கில் ஓடியது, பராமரிப்பும் சரியில்லை. அடுத்த வருடமே, 1995 ஜூன் 29 அன்று, அதே நகரத்தில் சம்பூங் அங்காடிக் கட்டடம் இடிந்து 502 பேர் இறந்தார்கள். நாடு அவசர அவசரமாகப் பணக்கார நாடாகிக்கொண்டிருந்த காலம். குடும்பத்துக்கும் பாலத்துக்கும் முடிச்சுப் போடும் வசனம் ஒன்றுகூடப் படத்தில் கிடையாது. எனக்கென்னவோ அந்த வெல்டிங் விவரத்தைப் படித்த நாள் முதல் தொக் கடையில் அந்தக் குடும்பம் சேர்ந்து வேலை செய்யும் காட்சிதான் ஞாபகம் வருகிறது.

அக்கா சூஹீ தினமும் போகும் வழி அது. அன்றைக்குத் தாமதமாகக் கிளம்பியதால் பிழைத்துக்கொள்கிறாள். அன்று இரவு, அதே மேஜை, அதே ஐந்து பேர். திடீரென்று தேஹூன் உடைந்து அழுகிறான். தோள் குலுங்க, குழந்தை மாதிரி. எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். யாரும் தோளில் கை வைக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. உன்ஹீயின் பார்வையில் இரக்கம் இருக்கிறதா, இல்லையா? நான்கு முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அடித்தவன் அழும்போது அடி வாங்கினவள் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் செவிப்பறைக்காக அவன் அழவில்லை. போய்விட்டிருக்கக்கூடிய அக்காவுக்காக அழுதான். அல்லது எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதானோ என்னவோ. அந்த வயதில் அவனுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பாலத்தில் யோங்ஜியும் போய்விட்டார் என்பது உன்ஹீக்குப் பிறகுதான் தெரிகிறது. அதற்கு முன்பே அவர் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்திருக்கிறது. விடியற்காலையில் அக்கா, அக்காவின் காதலன், உன்ஹீ மூவரும் ஆற்றங்கரைக்குப் போய் நிற்கிறார்கள். நடுவில் துண்டு விழுந்த பாலம், கீழே ஆறு. அங்கே நிற்கும்போதுதான் அக்காளும் தங்கையுமாக அவர்கள் இருவரையும் நான் முதல் தடவை பார்த்தேன். கடைசியில் பள்ளி மைதானத்தில் சுற்றுலாவுக்குக் கிளம்பும் கூட்டத்துக்கு நடுவே உன்ஹீ நின்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். பின்னணியில் யோங்ஜியின் கடிதம் ஒலிக்கிறது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குரலில் கேளுங்கள்.

போன மாதம் நான்காவது முறை பார்த்து முடித்தபோது ராத்திரி பத்தரை. தங்கைக்குப் போன் செய்தேன். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், அந்த நேரத்துக்குத் தூங்கியிருக்க மாட்டாள் என்று தெரியும்.

"சொல்லுண்ணா, என்ன இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்." கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டுக் கேட்டேன். "சின்ன வயசுல நான் உன்னை அடிச்சது ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. குழாயை மூடியிருப்பாள்.

"எந்தத் தடவையைக் கேக்குற?"

எனக்குப் பதில் வரவில்லை. படம் பார்த்தேன், அது இது என்று உளறினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று, அந்தச் சொம்பு ஞாபகம் இருக்கா, அப்பா வீசினாரே என்றேன்.

"அந்தச் சொம்பு இப்ப எங்கிட்டதான் இருக்கு. வீடு காலி பண்றப்போ நான்தான் எடுத்துட்டு வந்தேன். துளசிக்குத் தண்ணி ஊத்துறேன் அதுல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அது அப்பா வீசினது இல்லண்ணா. அப்பா வீசினது சாப்பாட்டுத் தட்டு. அது வேற நாள். சொம்பு நீ வீசினது. நான் உன் பேட்டை எடுத்து ஒளிச்சு வெச்சேன்ல, அன்னிக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சின்னவன் எழுந்துட்டான்ணா, அப்புறம் பேசறேன்" என்றாள். ஆனால் வைக்கவில்லை. சின்னவன் அழுவது கேட்டது. அவள் அவனைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டுவது கேட்டது. அப்புறம், "சாப்பிட்டியா?" என்றாள்.